லால்பாக் பாறையும் மில்லர் குடுவையும்: உயிர் தோன்றிய வழக்கில் எது தீர்ந்தது, எது தீரவில்லை

கேள்வி இதுதான். பெங்களூரு அல்சூரில் ஒரு குடும்பம். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படிக்கிறாள். ஞாயிறு வேதபாட வகுப்பில் ஐந்து குறிப்புகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்திருக்கிறார்கள். உயிரிலிருந்துதான் உயிர் வரும் என்று லூயி பாஸ்டர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி நிரூபித்துவிட்டார். உயிரின் மூலப்பொருள்கள் வாயுக்களில் மின்பொறி பாய்ச்சினால் உருவாகுமா என்று பார்த்த மில்லரின் சோதனை தோற்றுப்போனது. ஒரே ஒரு புரதம்கூடத் தற்செயலாக உருவாக வழியில்லை. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதிப்படி ஒழுங்கு தானாகக் கூடாது. லால்பாக் பாறைக்கு 300 கோடி வயது என்பது கார்பன் கணக்கை நம்பிப் போட்ட பொய். "பரீட்சைக்கு ஒரு பதில், ஆலயத்துக்கு ஒரு பதில் என்று பிள்ளை இரண்டு வைத்துக்கொள்வதா?" என்று அம்மா கேட்டிருக்கிறார்.

இரண்டு பதில் வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தாளில் மூன்று தனித்தனிக் கேள்விகளை ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறார்கள். அந்த முடிச்சை முதலில் அவிழ்க்க வேண்டும். பூமிக்கு வயது என்ன என்பது ஒன்று. இன்றுள்ள உயிரினங்கள் பொது மூதாதையரிலிருந்து மாறி மாறி வந்தனவா என்பது இன்னொன்று. முதல் உயிர் வேதிப்பொருள்களிலிருந்து எப்படி எழுந்தது என்பது மூன்றாவது. முதல் இரண்டும் தீர்ந்த வழக்குகள். நுணுக்கங்களில்தான் ஆய்வு நடக்கிறது. மூன்றாவது தீரவில்லை. துண்டு துண்டாகப் பல பகுதிகள் கிடைத்துள்ளன, முழுச் சங்கிலி கிடைக்கவில்லை. மூன்றாவதில் இருக்கும் இருட்டைக் காட்டி முதல் இரண்டு விளக்குகளையும் ஊதி அணைக்கப் பார்க்கிறது அந்தத் தாள்.

பாறையிலிருந்து தொடங்குகிறேன், அது உங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகும் தூரத்தில் இருக்கிறது. லால்பாக்கில் கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் அந்தக் குன்று 'தீபகற்ப நைஸ்' என்ற வகைப் பாறை. மைசூர் புவியியல் துறையில் இருந்த ஸ்மீத் 1916-இல் வைத்த பெயர் அது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்துப் பலகை நட்டிருக்கிறது. பாறையில் வெளிர் பட்டையும் கருப்புப் பட்டையும் மாறி மாறி ஓடுவதை மகளிடம் காட்டுங்கள். வெளிர் பட்டையில் குவார்ட்சும் ஃபெல்ஸ்பாரும், கருப்பில் பெரும்பாலும் பயோட்டைட் என்ற மைக்கா. பூமிக்கு அடியில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் பிசையப்பட்டதால் வந்த கோடுகள் அவை. அத்தனை சூடு பட்ட பாறையில் உயிரினப் படிமம் எதுவும் மிஞ்சாது; அங்கே சிப்பியும் எலும்பும் தேட வேண்டாம்.

இதன் வயதைக் கார்பனால் யாரும் கணக்கிடவில்லை, கணக்கிடவும் முடியாது. கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகத் தேய எடுக்கும் காலம், 5,730 ஆண்டுகள். 50,000 ஆண்டுகளில் அது ஆயிரத்துக்கு இரண்டு பங்காகத் தேய்ந்துவிடும். மேலும் அது ஒரு காலத்தில் காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொண்ட பொருளுக்குத்தான் பொருந்தும்: மரம், எலும்பு, கரி, துணி. நைஸ் பாறைக்கு அதில் வேலையே இல்லை. தாளை எழுதியவர் இந்த இடத்தில் அடிப்படையையே தவறவிட்டிருக்கிறார்.

இத்தகைய பாறைகளுக்கு வயது சொல்வது சிர்க்கான் என்ற சின்னப் படிகம். சில கிலோ பாறையை உடைத்துப் பொடியாக்கி, நீரில் அலசி, காந்தத்தாலும் அடர்த்தி மிகுந்த திரவத்தாலும் பிரித்தால் அடியில் தங்கும் கனமான மணிகளில் சிர்க்கான் கிடைக்கும். பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். நுண்ணோக்கியின் கீழே கையால் பொறுக்கி, பிசினில் பதித்து, பாதி தேய்த்து மெருகிட்டு, உள்ளே உள்ள வளையங்களைப் படம் எடுத்த பிறகுதான் லேசரோ அயனிக் கற்றையோ பாய்ச்சுவார்கள். சிர்க்கான் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே சேர்த்துக்கொள்ளும், ஈயத்தைச் சேர்க்காது. ஆகவே உள்ளே இருக்கும் ஈயம் ஏறத்தாழ முழுவதும் அங்கேயே யுரேனியம் சிதைந்து பிறந்தது.

ஒரே படிகத்துக்குள் இரண்டு கடிகாரங்கள் ஓடுவதுதான் இதில் சிறப்பு. யுரேனியம்-238 இன் அரை ஆயுள் 446.8 கோடி ஆண்டு. யுரேனியம்-235 க்கு 70.4 கோடி ஆண்டு. 300 கோடி ஆண்டு ஆன படிகத்தில் முதலாவது நூற்றுக்கு 63 மிஞ்சியிருக்கும், இரண்டாவது நூற்றுக்கு 5 தான் மிஞ்சும். வேகம் வேறான இரண்டும் ஒரே வயதைச் சொன்னால் அந்த வயது நிற்கும். வேதாகமத்தை வைத்துச் சிலர் சொல்வதுபோல் பூமிக்கு வயது 6,000 என்றால் 238 வகை யுரேனியத்தில் 10 லட்சத்தில் ஒரு பங்குகூட ஈயமாகியிருக்காது.

இந்த முறையும் தவறும். படிகத்தில் கதிரியக்கச் சேதம் ஏறினால் ஈயம் கசியும். அப்போது இரண்டு கடிகாரமும் வேறு வேறு நேரம் காட்டும், கசிவு அதிலேயே பிடிபட்டுவிடும். பழைய படிகத்தின் மேல் புதிய ஓடு வளர்ந்திருந்தால், ஓட்டில் ஒரு வயதும் கருவில் ஒரு வயதும் வரும். அதற்காகத்தான் முன்னதாகவே படம் எடுப்பது. பொட்டாசியம் சிதைந்து பிறக்கும் ஆர்கான் வாயுவை அளக்கும் பொட்டாசியம்-ஆர்கான் முறையைப் பற்றிப் படைப்புவாதிகள் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஒரு உதாரணம் உண்டு: பத்தாண்டு வயதான எரிமலைக் குழம்புப் பாறைக்கு லட்சக்கணக்கான ஆண்டு வயது வந்த கதை. எண் உண்மையாக வந்ததுதான். ஆழத்தில் முன்பே உறைந்த படிகங்கள் பழைய ஆர்கானைச் சுமந்து வந்தன, அளந்த பாறையோ அந்த முறைக்குக் கொஞ்சமும் போதாத இளசு. லாரி எடைமேடையில் கடுகை நிறுத்துவிட்டு மேடையே பொய் என்று சொல்வது போன்றது அது. முன்காலத்தில் சிதைவு வேகம் கூடுதலாக இருந்திருக்கலாமே என்றும் கேட்பார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளில் வெளிவந்த கதிரியக்க வெப்பம் ஆறாயிரம் ஆண்டுக்குள் வெளிவந்திருந்தால் பூமியின் மேலோடு உருகியிருக்கும், கடலும் இருக்காது.

பூமியின் மொத்த வயதை 1956-இல் கிளேர் பேட்டர்சன் விண்கற்களில் உள்ள ஈயத்தின் வெவ்வேறு எடை வகைகளை (ஐசோடோப்புகளை) கொண்டு 455 கோடி ஆண்டு என்று கணித்தார். பிழை எல்லை 7 கோடி. இன்றைய எண் 454 கோடி. மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாராவில் 348 கோடி ஆண்டுப் பாறைகளில் நுண்ணுயிர்ப் படலங்கள் அடுக்கடுக்காக விட்ட தடங்கள் உள்ளன. அதாவது லால்பாக் பாறை உருவானபோதே பூமியில் உயிர் தோன்றி ஏறத்தாழ 50 கோடி ஆண்டு கடந்திருந்தது.

அடுத்தது பாஸ்டர். தாளில் இருப்பதிலேயே கேட்க வலுவாக ஒலிப்பது இதுதான். 1859 முதல் 1862 வரை அவர் எதை எதிர்த்துப் போராடினார் என்று பார்க்க வேண்டும். கொதிக்க வைத்த சாற்றில் சில நாளிலேயே நுண்ணுயிர் தானாக முளைக்கிறது என்று பூஷே என்பவர் சொல்லிவந்தார். பாஸ்டர் ஈஸ்ட் ஊறிய சர்க்கரை நீரை அன்னக்கழுத்துக் குடுவையில் கொதிக்கவைத்தார். காற்று உள்ளே போகும், தூசி வளைவில் படிந்துவிடும். சாறு தெளிவாகவே இருந்தது. ஆல்ப்ஸ் மலைப் பனியாற்றில் திறந்து காட்டிய 20 குடுவைகளில் ஒன்றுதான் கெட்டது. நம்மைச் சுற்றியுள்ள காற்றில் வரும் கிருமிதான் சாற்றைக் கெடுக்கிறது என்பது அதோடு நிலைநின்றது.

பூஷே அதே சோதனையைப் பைரனீஸ் மலையில் செய்தபோது எல்லாக் குடுவையும் கெட்டன. அவர் ஏமாற்றவில்லை. அவர் பயன்படுத்தியது வைக்கோல் ஊறிய நீர். வைக்கோலில் இருக்கும் ஒரு வகை பாக்டீரியா வித்துறை (கெட்டியான உறக்கக் கூடு) கட்டிக்கொண்டு கொதிநீரையும் தாங்கும். 1870-களில் ஃபெர்டினாண்ட் கோனும் டிண்டலும் அதைக் கண்டுபிடித்த பிறகுதான் இருவர் முடிவும் ஏன் வேறுபட்டன என்று புரிந்தது. ஆக, முழு வளர்ச்சி பெற்ற ஒரு பாக்டீரியா இன்றைய காற்றில், சில நாளில், ஒரு குடுவைச் சாற்றில் திடீரென்று பிறக்காது என்பதுதான் பாஸ்டர் காட்டியது. ஆக்சிஜன் இல்லாத வானத்தின் கீழே, ஒரு கடல் அளவு வேதிப்பொருளில், கோடிக்கணக்கான ஆண்டுகளில், பாக்டீரியாவைவிடப் பல மடங்கு எளிய ஒன்று உருவாகுமா என்று அவர் சோதிக்கவில்லை. இன்று அப்படி ஒன்று உருவாகத் தொடங்கினாலும் ஆக்சிஜன் அதை எரித்துவிடும், மிச்சத்தை நுண்ணுயிர்கள் தின்றுவிடும்.

அந்தப் பழைய வானத்தை மனத்தில் கொண்டு 1924-இல் ரஷ்யாவில் ஓபாரினும் 1929-இல் இங்கிலாந்தில் ஹால்டேனும் தனித்தனியே கருதுகோள் எழுதினார்கள். ஹால்டேன் 1957-இல் இந்தியாவுக்குக் குடிவந்து, குடியுரிமையும் பெற்று, 1964-இல் புவனேஸ்வரில் காலமானவர். சோதனைக்கு எடுத்தவர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூரேயின் மாணவர் ஸ்டான்லி மில்லர். 1953-இல் கட்டுரை வந்தபோது அவருக்கு 23 வயது.

மகளின் புத்தகத்தில் ஒரு படமும் நாலு வரியும்தான் இருக்கும் என்பதால் விவரமாகச் சொல்கிறேன். கீழே நீர் கொதிக்கும் அரை லிட்டர்க் குடுவை, மேலே மின்பொறி பாயும் 5 லிட்டர்க் குடுவை, நடுவில் குளிர்விப்பான், அடியில் வளைந்த குழாய். காற்றை முழுவதும் உறிஞ்சி எடுத்துவிட்டு மீத்தேன் 20, அம்மோனியா 20, ஹைட்ரஜன் 10 என்று பாதரச சென்டிமீட்டர் அழுத்தத்தில் நிரப்பினார். காற்று மிஞ்சினால் பொறி பட்டதும் வெடிக்கும். வீட்டிலோ பள்ளியிலோ யாரும் முயலக்கூடாது. ஒரு வாரம் இடைவிடாமல் பொறி. முதல் நாளே நீர் இளஞ்சிவப்பானது, வாரக் கடைசியில் அடர் சிவப்பாகக் கலங்கியது. கலங்கலுக்குப் பெரும்பங்கு காரணம் கண்ணாடியிலிருந்து கரைந்த சிலிக்கா என்று மில்லரே எழுதினார். கிருமி வளர்ந்து ஏமாற்றிவிடக் கூடாது என்று பாதரச குளோரைடு சேர்த்தார். வடிதாளில் பிரித்து, அமினோ அமிலம் (புரதங்களைக் கோக்கும் மூலக்கூறு வகை) இருந்தால் நிறம் காட்டும் நின்ஹைட்ரினைத் தெளித்தபோது கிளைசின், ஆல்ஃபா அலனின், பீட்டா அலனின் உறுதியாகத் தெரிந்தன. இன்னும் இரண்டு மங்கலாக. அவர் பத்திரப்படுத்திய பழைய குப்பிகளை, எரிமலை நீராவி போல அமைத்த கருவியிலிருந்து வந்தவற்றை, 2008-இல் புதிய கருவிகளில் பார்த்தபோது 22 அமினோ அமிலங்கள் இருந்தன.

மகளின் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் இந்தச் சோதனைக்கு 800 டிகிரி என்று ஒரு எண் இருக்கும். மில்லரின் கட்டுரையில் அந்த வெப்பநிலை இல்லை. இருந்தது கொதிக்கும் நீரும் மின்பொறியும்தான். தேர்வில் புத்தகத்தில் உள்ளபடியே எழுதட்டும், மதிப்பெண் போக வேண்டாம். ஆனால் வேதபாட வகுப்பில் யாராவது அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சூட்டில் எது தங்கும் என்று கேட்டால், பிழை புத்தகத்தினுடையது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மில்லர் சோதனை "தோற்றது" என்பவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று சரியானது. ஆதி வானத்தில் மீத்தேனும் அம்மோனியாவும் அவ்வளவு இருந்திருக்காது, பெரும்பாலும் நைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும்தான் என்றுதான் இன்று புவி வேதியியலாளர்கள் பலரும் கருதுகிறார்கள். அந்த வாயுக்களில் பொறி பாய்ச்சினால் அமினோ அமிலம் மிகக் குறைவாகவே கிடைத்தது. காரணம் பிறகு தெரிந்தது: கூடவே நைட்ரைட்டும் அமிலமும் உருவாகி, பிறந்ததை எல்லாம் அழிக்கின்றன. அமிலத்தன்மையைக் கட்டுப்படுத்தி, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள் சேர்த்ததும் விளைச்சல் பல மடங்கு ஏறியது. இதுவும் 2008-இல் வந்த முடிவு. ஆய்வாளர்களில் மில்லரும் ஒருவர். உயிர் உண்டாகவில்லையே என்பது இன்னொரு குற்றச்சாட்டு. உயிரை உண்டாக்குவதாக அவர் சொல்லவே இல்லை. உயிரின் செங்கல்கள் உயிர் இல்லாமலே உருவாகுமா என்பதுதான் கேள்வி. உருவாகும் என்று வானமும் சாட்சி சொல்கிறது. 1969-இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில் அமினோ அமிலங்கள் இருப்பதை மறு ஆண்டே அறிவித்த குழுவின் தலைவர் சிரில் பொன்னம்பெருமா. இலங்கையின் காலியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்துவிட்டு வேதியியலுக்கு வந்தவர். பென்னு என்ற சிறுகோளிலிருந்து விண்கலம் 2023 செப்டம்பரில் கொண்டுவந்த 121 கிராம் மண்ணில், புரதங்களில் உள்ள 20 அமினோ அமிலங்களில் 14 இருந்தன, மரபுச் செய்தியைச் சுமக்கும் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டுக்கும் எழுத்துகளாக வேண்டிய ஐந்து காரங்களும் இருந்தன.

செங்கல் கிடைத்தால் வீடு ஆகிவிடாது. தாளை எழுதியவர் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இங்கேதான் இருக்கின்றன. அவற்றை நானே சொல்லிவிடுகிறேன்.

புரதம் செய்ய டி.என்.ஏ. வேண்டும், டி.என்.ஏ.வைப் படியெடுக்கப் புரதம் வேண்டும், எது முதல்? 1980-களில் செக்கும் ஆல்ட்மனும் சில ஆர்.என்.ஏ. மூலக்கூறுகள் வேதிவினையை முடுக்கும் நொதியாகவும் வேலை செய்வதைக் கண்டார்கள், 1989-இல் நோபல். நம் ஒவ்வொரு செல்லிலும் புரதம் பின்னும் ரைபோசோமின் வடிவம் 2000-இல் அணு அணுவாகத் துலங்கியது. சிறிய பாதியைத் தீர்த்தவர்களில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். பெரிய பாதியை ஸ்டைட்ஸ் குழு தீர்த்தபோது, அமினோ அமிலங்களைக் கோக்கும் இடத்தில் புரதமே இல்லை, சுற்றிலும் ஆர்.என்.ஏ.தான் என்று தெரிந்தது. புரதத்தையே ஆர்.என்.ஏ.தான் பின்னுகிறது என்றால், ஆர்.என்.ஏ. முதலில் வந்திருக்கலாம் என்பது வெறும் ஊகமாக இல்லாமல் தடயமுள்ள கருத்தாகிறது.

ஆனால் அந்த ஆர்.என்.ஏ. எங்கிருந்து வந்தது? அதன் சர்க்கரை ரைபோஸ். ஃபார்மால்டிஹைடைச் சுண்ணாம்போடு சூடாக்கினால் சர்க்கரைகள் வரும் என்பது 1861-இலேயே தெரியும். வருவது பல பத்து வகைச் சர்க்கரைகளின் கலவை. ரைபோஸ் அதில் கொஞ்சம்தான். நிறுத்தாமல் விட்டால் பாகு முறிந்து கருகுவதுபோல எல்லாம் பழுப்புத் தாராகிவிடும். 2009-இல் சதர்லாந்து குழு சர்க்கரையையும் காரத்தையும் தனித்தனியே செய்து ஒட்டாமல், இரண்டுக்கும் பொதுவான இடைப்பொருள் வழியே போய், பாஸ்பேட்டை முதலிலேயே கலந்து, ஆர்.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் இரண்டைச் செய்துகாட்டியது. பெரிய முன்னேற்றம். ஆயினும் எதை எப்போது சேர்ப்பது என்ற வரிசையை ஆய்வாளர்தான் நிர்ணயித்தார். இயற்கையில் அந்த வரிசை எங்கே, எப்படி அமைந்தது என்பது விவாதத்தில் இருக்கிறது.

இன்னொரு சிக்கல் தண்ணீர். ஆர்.என்.ஏ.வோ புரதமோ சங்கிலியாக நீளும்போது, ஒவ்வொரு கண்ணி சேரும்போதும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேற வேண்டும். கடலுக்குள் அது எதிர்த்திசையில்தான் ஓடும், சங்கிலி அறுபடும். நனைந்து காயும் வெந்நீர்க் குட்டைகளில்தான் உயிர் தொடங்கியது என்று ஒரு சாரார் சொல்வது இதனால்தான். கடலடிக் காரநீர் ஊற்றுகள் என்பது எதிர்த்தரப்பு. 2000-இல் அட்லாண்டிக்கில் கண்டுபிடித்த 'லாஸ்ட் சிட்டி' ஊற்றில் 40 முதல் 90 டிகிரி வெப்பமும், உயிர்ச்செல்லில் உள்ளதைப் போன்ற அமில-கார வேறுபாடும் இருக்கின்றன. "விஞ்ஞானிகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை" என்று தாள்கள் சொல்லும் சண்டை இதுதான். எந்த இடத்தில், எந்த வழியில் என்பது பற்றிய சண்டை.

செல்லைச் சுற்றும் சவ்வு எளிது; கொழுப்பு அமிலம் நீரில் தானாகவே குமிழாகிறது. மர்ச்சிசன் கல்லிலிருந்து எடுத்த பொருள்களே அப்படிக் குமிழிட்டன என்று டீமர் 1985-இல் காட்டினார். சிக்கல் மக்னீசியம். ஆர்.என்.ஏ. படியெடுக்க அது வேண்டும். கொழுப்பு அமிலச் சவ்வு அது பட்டாலே குலையும். பெங்களூரின் போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் வெள்ளைத் திரியாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள், அதே வேதியியல்தான். சிட்ரேட் சேர்த்தால் இரண்டும் ஒத்துப்போகின்றன என்று 2013-இல் அடமாலாவும் ஷோஸ்டக்கும் கண்டார்கள். அவ்வளவு சிட்ரேட் ஆதி பூமியில் எப்படி வந்தது என்பது அடுத்த கேள்வி.

இடக்கை வலக்கைச் சிக்கலும் தீரவில்லை. ஒரே மூலக்கூறு, நம் இரு கைகளைப் போல, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வடிவங்களில் வரும். உயிர்ப் புரதத்தில் அமினோ அமிலங்கள் இடக்கை வகை மட்டுமே. மில்லர் குடுவையிலும் பென்னு மண்ணிலும் இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. தன்னைத்தானே, வெளியுதவி இல்லாமல், தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்துப் போகும் ஆர்.என்.ஏ.வையும் இதுவரை யாரும் குடுவையில் உண்டாக்கவில்லை. இவற்றை மகளிடம் மறைக்காதீர்கள். "இன்னும் தெரியாது" என்பதை எந்தத் தரப்பின் சாட்சியாகவும் சேர்க்க முடியாது. அறிவியல் தன் பக்கத்து ஆளுக்கும் சலுகை காட்டுவதில்லை. அலகாபாத் பல்கலைக்கழகத்தின் கிருஷ்ண பகதூர் 1954-இல் ஃபார்மால்டிஹைடு வகைப் பொருளும் பொட்டாசியம் நைட்ரேட்டும் ஒளி பட்டு அமினோ அமிலம் தருவதை வெளியிட்டார். அது ஆய்விதழில் இடம்பெற்றது. பிறகு அவர் 'ஜீவாணு' என்ற துகள்களைச் செய்து அவற்றில் உயிர்ப்பண்பு உண்டு என்றபோது, சான்று போதாது என்று அறிவியல் உலகம் ஏற்கவில்லை.

புரதக் கணக்குக்கு வருவோம். 100 அமினோ அமிலம் கொண்ட ஒரு குறிப்பிட்ட வரிசை ஒரே வீச்சில் விழ 1-க்குப் பின் 130 சுழியம் போட்ட எண்ணில் ஒரு வாய்ப்பு. பெருக்கல் சரி, கேள்விதான் தவறு. அந்த ஒரு வரிசைதான் வேண்டும் என்றும், ஒரே தடவையில் விழ வேண்டும் என்றும் யார் சொன்னது? 2001-இல் கீஃபும் ஷோஸ்டக்கும் 80 அமினோ அமில நீளத்தில் கண்டபடி சேர்த்த 6 லட்சம் கோடி புரதங்களைச் சலித்தார்கள். ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும் நான்கு குடும்பங்கள் கிடைத்தன. சுமார் 10,000 கோடியில் ஒன்று. அரிதுதான், ஆனால் கைப்பிடி மண்ணிலேயே அதைவிட அதிக மூலக்கூறுகள் உண்டு. பற்றிக்கொள்வது உயிர் ஆகாது என்பதும் உண்மை. தேர்வு அடுக்கடுக்காக நடக்க அது ஒரு பிடிமானம், அவ்வளவே. இரண்டாம் விதி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: அது வெளியிலிருந்து எதுவும் வராத மூடிய அமைப்புக்கு. பூமிக்குச் சூரியன் இருக்கிறது. அந்த விதி தாள் சொல்வதுபோல இருந்தால் விதை மரமாகவும் வழியில்லை.

இவ்வளவு ஓட்டை இருக்கும்போது படைப்பையும் வகுப்பில் சேர்த்துச் சொன்னால் என்ன என்று நல்ல மனத்தோடு கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் இது நீதிமன்றம் வரை போனது. 1987-இல் உச்ச நீதிமன்றம் படைப்பு அறிவியலைப் பள்ளியில் கட்டாயமாக்கிய லூசியானா சட்டத்தை ரத்து செய்தது. பிறகு அதே வாதம் 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்ற பெயரில் வந்தது. பென்சில்வேனியாவின் டோவர் ஊரில் அதை உயிரியல் வகுப்பில் நுழைத்ததை எதிர்த்துப் பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். பரிந்துரைக்கப்பட்ட பாடநூலின் பழைய வரைவுகளில் 'படைப்பு' என்றிருந்த இடங்களில் 1987 தீர்ப்புக்குப் பிறகு 'வடிவமைப்பு' என்று மாற்றியிருந்தது ஆவணமாக வந்தது. நோய் எதிர்ப்பு அமைப்பு படிப்படியாக உருவாகியிருக்க முடியாது என்று எழுதியிருந்த பேராசிரியர் பீஹியின் முன்னால் 58 ஆய்வுக் கட்டுரைகளையும் 9 புத்தகங்களையும் வைத்தபோது, அவை போதாது என்றார். 2005 டிசம்பர் 20 அன்று 139 பக்கத் தீர்ப்பில் நீதிபதி ஜோன்ஸ் அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் இல்லை என்றார். கடவுள் இல்லை என்று அவர் சொல்லவில்லை. எந்த விளைவு வந்தால் தன் கருத்து தவறென்று ஒப்புக்கொள்ளும் என்பதை அந்த வாதம் சொல்வதில்லை. அதனால் சோதனை வைக்க வழியில்லை. மில்லரின் வாயுக் கலவை கேள்விக்குள்ளானதும் வேறு கலவையில் செய்துபார்க்க முடிந்ததே, அந்த வாசல் அங்கே இல்லை.

நம் நாட்டிலும் தள்ளுமுள்ளு உண்டு. 2018 ஜனவரியில் ஒரு மத்திய இணையமைச்சர், குரங்கு மனிதனானதை யாரும் பார்க்கவில்லை, டார்வின் தவறு என்றார். பெங்களூருவில் இருக்கும் இந்திய அறிவியல் அகாடமி உட்பட மூன்று தேசிய அறிவியல் அகாடமிகள் சேர்ந்து மறுத்தன. 2023-இல் பத்தாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டபோது 1,800-க்கு மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் அது இருக்கிறது. ஆனால் பதினொன்றில் உயிரியல் எடுக்காத பிள்ளை அந்தப் பாடத்தைப் பார்க்காமலே பள்ளியை முடித்துவிடும். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

இது ஒரு மதத்தாரின் சிக்கல் மட்டும் என்று நினைக்க வேண்டாம். தசாவதாரத்தில் மீன் முதலில் வருவதால் பரிணாமம் நமக்கு முன்பே தெரியும் என்பார்கள். தொல்காப்பிய மரபியல் ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை வகுப்பதைக் காட்டுவார்கள். அது அருமையான வகைப்பாடு, ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று அது சொல்லவில்லை. சிவபுராணத்தில் புல்லில் தொடங்கும் வரிசை ஒரே உயிர் எடுக்கும் பிறவிகளைப் பற்றியது. அவற்றை அவற்றின் இடத்தில் வைத்து வாசிப்பதுதான் மரியாதை. ஆதியாகமத்துக்கும் அதே மரியாதையைத் தரலாம். உலகம் படைக்கப்பட்டதாகச் சொல்லும் கி.மு. 4004 என்ற ஆண்டு வேதாகம வசனங்களில் எங்கும் இல்லை. 17-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்துப் பேராயர் அஷர் வம்ச வரிசைகளைக் கூட்டிப் போட்ட கணக்கு. கத்தோலிக்கத் திருச்சபையில் 1950-இலேயே பன்னிரண்டாம் பயஸ் மனித உடலின் பரிணாமம் பற்றிய ஆய்வுக்கு இடம் தந்தார். 1996-இல் இரண்டாம் ஜான் பால் அது ஒரு கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்றார். உங்கள் மகள் ஜெபிப்பதற்கும் சிர்க்கான் கணக்குப் போடுவதற்கும் இடையில் ஒன்றைக் கைவிட வேண்டியதில்லை.

பாஸ்டர்-பூஷே சண்டையை அவள் சமையலறையிலேயே செய்து பார்க்கலாம். ஒரு மேசைக்கரண்டி துவரம்பருப்பை இரண்டு தம்ளர் தண்ணீரில் வேகவைத்து, தெளிந்த நீரை மட்டும் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். உப்பு, மஞ்சள், பெருங்காயம் கூடாது, வளர்ச்சியைத் தடுக்கும். மூன்று சிறிய கண்ணாடிப் புட்டிகளில் 50 மில்லி வீதம் ஊற்றுங்கள். முதல் புட்டியைத் திறந்தபடியே வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி 10 நிமிடம் கொதிக்கவிட்டு, திறந்தே வையுங்கள். இரண்டாவதற்குப் பஞ்சை இறுக்கமாக அடைத்து மேலே அலுமினியத் தாளைத் தளர்வாகச் சுற்றி, அதே 10 நிமிடம். மூன்றாவதையும் அப்படியே அடைத்து, பிரஷர் குக்கரில் தட்டின் மேல் நிறுத்தி, முதல் விசிலுக்குப் பிறகு சிறு தீயில் 40 நிமிடம். எதற்கும் திருகு மூடி போடக்கூடாது, வெடிக்கும்.

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கிறது. குக்கருக்குள்ளும் 120-க்குச் சற்றுக் கீழேதான் வரும். ஆய்வகத்தில் 121 டிகிரியில் 15 நிமிடம் போதும் என்றாலும் இங்கே 40 சொன்னது அதனால்தான். தீயை அணைத்ததும் வெயிட்டைத் தூக்கக் கூடாது; அழுத்தம் சட்டென்று விழுந்தால் சாறு பொங்கிப் பஞ்சு நனையும், நனைந்த பஞ்சு வழியே கிருமி இறங்கிவிடும்.

முதல் புட்டி ஓரிரு நாளில் கலங்கும். இரண்டாவது பெரும்பாலும் நாலைந்து நாளுக்குள் கலங்கிவிடும். பருப்போடு வந்த மண்ணின் வித்துறைகள் கொதியைத் தாங்கியிருக்கும், பூஷே கண்டது அதுதான். மூன்றாவது வாரக்கணக்கில் தெளிவாக நிற்க வேண்டும். இரண்டு வாரம் ஆனதும் மூன்றாவதன் பஞ்சை ஒரு மணி நேரம் எடுத்துவிட்டு மறுபடி அடையுங்கள். அடுத்த சில நாளில் அதுவும் கலங்கினால், குக்கர்ச் சூடு சாற்றின் உயிர்ச்சத்தைக் கெடுத்துவிட்டது என்ற பழைய மறுப்புக்கும் பதில் கிடைத்துவிடும். மூன்றாவது முதலிலேயே கலங்கினால் பஞ்சு நனைந்ததா, புட்டி நிரம்பி வழிந்ததா, விசிலுக்கு முன்பே நேரத்தை எண்ணத் தொடங்கினீர்களா என்று பார்த்து, புதிய சாற்றில் மறுபடி செய்யுங்கள். கலங்கிய எதையும் முகரவோ சுவைக்கவோ கூடாது. முடிந்ததும் மூன்றையும் பஞ்சோடு குக்கரில் அரை மணி நேரம் வைத்து, ஆறிய பிறகு கழிப்பறையில் ஊற்றி, குக்கரைச் சோப்பும் வெந்நீரும் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்.